மஸூதாவின் தொழில்

மஸூதாவை முதன்முறையாகக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போன அன்று பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர் எல்லாம் தகராறு இல்லாமல் எழுதி முடிந்தன. தொழில் என்ற இடத்தில்தான் முட்டிக்கொண்டது.

"தொழில்?" என்று கேட்டார் ஸீ முன்ஸிஃப். முன்ஸிஃப் அவர் பெயர், ஸீ என்பது ஐயா என்பது போல ஒரு மரியாதை; உம் ரமாத் ஊர்க் காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதுவது அவர் பொறுப்பு. கேட்டாரே தவிர பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ரயிலை மறித்ததாகப் பிடித்து வந்த மற்றவர்களுக்கு எழுதியதையே இவளுக்கும் எழுதினார்: ஆதிலா.

"அதை அடிச்சிடுங்க. நான் ஆதிலா இல்ல, முஅத்தலா."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"கிழிஞ்ச சட்டையும் கிழிச்ச சட்டையும் ஒண்ணா, ஸீ முன்ஸிஃப்?"

அவர் தன்னை அறியாமல் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். பிறகு கோபம் வந்தது. ஒரு வார்த்தைக்காக வாக்குமூலத்தைத் திரும்ப எழுத முடியாது என்றார். அப்படியானால் கையெழுத்துப் போட முடியாது என்றாள் மஸூதா. மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் யாரோ ஹரிஸா மிளகாய் விழுது தடவிய ரொட்டியைப் பிய்க்கும் வாசனை வந்தது. கடைசியில் பசிதான் ஜெயித்தது. ஸீ முன்ஸிஃப் புதுத் தாள் எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு முஅத்தலா என்று எழுதினார்.

அரபியில் இரண்டும் ஒரே வேரில் முளைத்த சொற்கள். ஆதிலா என்றால் வேலை இல்லாதவள். வெட்டியாகப் பொழுதைக் கழிப்பவள் என்ற வாடையும் அதில் அடிக்கும். முஅத்தலா என்றால் வேலை இல்லாமல் ஆக்கப்பட்டவள். ஆக்கப்பட்டவள் என்றால் ஆக்கியவன் ஒருவன் இருந்தாக வேண்டும். அவன் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறான், யார் வீட்டுக் காசில் சாப்பிடுகிறான் என்று அடுத்தடுத்துக் கேட்காமல் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. வேலை கேட்டுப் போராடிய பட்டதாரிகளின் சங்கம் தன் பெயரிலேயே அதைத்தான் வைத்திருந்தது. சங்கத்தில் மற்றவர்கள் மேடையில் ஆணானால் முஅத்தல், பெண்ணானால் முஅத்தலா என்பார்கள், வீட்டுக்கு வந்தால் பழைய சொல்லுக்குத் திரும்பிவிடுவார்கள். மஸூதா அப்படி இல்லை. ரொட்டிக் கடைக்காரர், பஸ் நடத்துனர், பெண் பார்க்க வந்தவர்கள் என்று ஒருவரையும் விடாமல் திருத்தினாள். பெண் பார்க்க வந்தவர்கள் பிறகு வரவில்லை.

அவள் அம்மா மப்ரூக்காவுக்கு இந்தச் சொல் பிடிக்கவே இல்லை.

"அடியே, ஜில்லா ஆஸ்பத்திரியில ஓடாத லிஃப்டுல ஒரு அட்டை தொங்குமே, அதுல எழுதியிருக்கறதும் இதுதானே? உன் கழுத்துலயும் ஒண்ணு மாட்டிவிடட்டுமா?"

"மாட்டிவிடு யம்மா. லிஃப்ட் தானா நிக்கல. ரிப்பேர் பண்ண வேண்டியவன் பண்ணல. நானும் அதைத்தான் சொல்றேன்."

"மஸூதான்னு பேர் வெச்சேன். அதிர்ஷ்டக்காரின்னு அர்த்தம். என்னைச் சொல்லணும்," என்று மப்ரூக்கா டீக் கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.

உம் ரமாத் பாஸ்பேட் தோண்டும் ஊர். மஸூதாவின் அப்பா சுரங்கத்தில் பாதி ஆயுளைக் கழித்து, மீதியை இருமிக் கழித்து, அவள் பட்டம் வாங்கிய வருஷமே போய்ச் சேர்ந்தார். அவள் படித்தது புவியியல். ஆசிரியர் தேர்வில் எழுத்தில் தேறினாள். நேர்முகத்தில் தேற வேண்டுமானால் தலைநகரத்திலிருந்து யாராவது தொலைபேசியில் பேச வேண்டும் என்பதை அதற்கப்புறம்தான் தெரிந்துகொண்டாள். ஆலிவ் பறிக்கப் போனாள். கடற்கரை நகரம் ஒன்றில் தொலைபேசி நிறுவனத்தில் உட்கார்ந்து, சோஃபி என்ற பெயரில், பிரெஞ்சுக்காரர்களுக்கு அவர்கள் கேட்காத சலுகைகளை விற்றாள். ஒரு நாள் மறுமுனையில் ஒரு கிழவர், "சோஃபி, உன் ஊரில் இன்று என்ன வானிலை?" என்று கேட்டார். எந்த ஊரின் வானிலையைச் சொல்வது என்று தெரியாமல் விழித்தாள். அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

பிறகு அந்த ஜனவரி வந்தது. நாடு முழுக்கத் தெருவில் நின்றது. அன்றைய முழக்கத்தில் வேலை என்பதுதான் முதல் சொல், சுதந்திரம் இரண்டாவது, மானம் மூன்றாவது. மஸூதா தொண்டை கட்டும்வரை கத்தினாள். அதிபர் ஓடினார். அதற்கப்புறம் வந்த பிரதமர்களின் பெயர்களைத் தொலைக்காட்சிக்காரர்களே குழப்பிக்கொண்டார்கள். இரண்டாவது சொல் ஓரளவு வந்து சேர்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. காப்பிக் கடையில் வாய்விட்டுத் திட்டலாம், சங்கம் வைக்கலாம். முதல் சொல் மட்டும் வரவில்லை. வராத சொல்லைப் பற்றிப் பேசினால் பொருளாதாரம் புரியாதவர்கள் என்றார்கள். பாஸ்பேட் மட்டும் நாள் தவறாமல் ரயிலேறிப் போனது. அதைக் கழுவத் தண்ணீர் இருந்தது. ஊர்க் குழாயில் இல்லை.

அதனால்தான் தண்டவாளத்தின் மேல் கூடாரம் போட்டார்கள்.

கூடாரத்தைத் தொடங்கி வைத்தவன் லஸ்ஹர். தத்துவம் படித்தவன், மஸூதாவின் வயதுக்காரன், புகையிலை இருந்தால் விடியும்வரை முதலாளித்துவத்தைப் பற்றிப் பேசுவான். கூடாரத்தைத் தாங்கி நிறுத்தியவள் மஸூதா. யார் எப்போது காவல், யார் தண்ணீர் கொண்டுவர வேண்டும், மழை வந்தால் எந்தப் பக்கம் வாய்க்கால் வெட்டுவது எல்லாம் அவள் தலையில். சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அங்கேயே பாடம் எடுத்தாள். காற்று தூக்கிக்கொண்டு போன பேனரைத் துரத்திப் பிடித்துத் திரும்பக் கட்டினாள். அந்தப் பேனரில் அவள் கையாலேயே பெரிதாக எழுதிய சொல் எது என்று சொல்ல வேண்டியதில்லை. நாள் முழுக்க ஓடியாடிவிட்டு வந்து படுக்கும் மகளைப் பார்த்து மப்ரூக்கா சொல்வாள்: "வேலை இல்லைன்னு சொல்றதுக்கே இவ்வளவு வேலையாடி?"

ரயில் நின்றது. லாரிகள் ஓட ஆரம்பித்தன. லாரிகள் யாருடையவை என்று ஊருக்கே தெரியும். ஆட்சியில் இருக்கிற கட்சிக்கும் இல்லாத கட்சிக்கும் அந்த ஆள் பணம் கொடுப்பான். ரயிலை மறிக்க மறிக்க அவன் கொழுத்தான். இதை நினைத்து மஸூதாவுக்கு நெஞ்சு எரிந்தது. நியாயமான போராட்டத்திலும் எவனோ ஒருவன் லாபம் பார்க்கிறான் என்றால் போராட்டத்தை விடுவதா, வேறு மாதிரிப் போராடுவதா? லஸ்ஹரிடம் கேட்டாள். அவன் உலக வரலாற்றிலிருந்து உதாரணங்கள் சொன்னான். பதில் சொல்லவில்லை.

வசந்தத்தில் தலைநகரத்திலிருந்து பேச்சுவார்த்தைக்கு ஆள் வந்தார். நாற்பது பேருக்கு வேலை என்றார். சுரங்கத்தில் இல்லை, பள்ளிக்கூடத்தில் இல்லை, தோட்டக் கம்பெனியில். அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு. சுற்றுச்சூழல், பசுமை, வளர்ச்சி எல்லாம் அதில் வரும். ஊரில் தோட்டக் கம்பெனி என்றுதான் பெயர். மரம் நட வேண்டும், பூங்கா போட வேண்டும், நிலையான மாதச் சம்பளம். கூடாரத்தில் இருந்த எல்லோரும் கை தூக்கினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். மப்ரூக்கா ஓடி வந்து எல்லோரையும் விடச் சத்தமாகக் குலவையிட்டாள். அன்றைக்குக் கூடாரத்தைப் பிரித்து மடித்த மஸூதா பேனரையும் மடித்து அலமாரியில் வைத்தாள். அழுகை வந்தது. சந்தோஷம்தான்.

முதல் நாள் காலையில் மப்ரூக்கா டப்பாவில் கஸ்ரா ரொட்டியும் முட்டையும் ஆலிவும் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். அப்பா சுரங்கத்துக்குக் கொண்டுபோன அதே டப்பா. மஸூதா கெட்டியான பூட்ஸ் வாங்கியிருந்தாள்.

தோட்டக் கம்பெனியின் இடம் ஊர் எல்லையில், பாஸ்பேட் தூசி மலைக்கு அடிவாரத்தில் ஒரு பொட்டல். ஒரு தகரக் கொட்டகை, பூட்டு. செடி இல்லை, குழாய் இல்லை, மண்வெட்டி இல்லை. மேஸ்திரி ஸீ புர்ஹான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான், கெட்ட எண்ணம் கிடையாது. கடைத்தெருவில் சொந்தமாகக் காப்பிக் கடை வைத்திருந்தார்.

"வந்துட்டியா? சரி, பாத்துட்டேன். போலாம்."

"எங்க போகணும்?"

"வீட்டுக்குத்தான். நாளையில இருந்து இவ்வளவு தூரம் நடக்கவும் வேண்டாம். என் கடைப் பக்கமா வந்து முகத்தைக் காட்டிட்டுப் போ. மாசக் கடைசியில சம்பளம் வந்துடும்."

"மரம் எப்ப நடறது?"

ஸீ புர்ஹான் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீ அந்த நாற்பதுல புதுசா வந்தவ, இல்ல? எனக்குக் கீழ ஏற்கெனவே முந்நூறு பேர் இருக்காங்கம்மா. இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்காத கேள்வி இது."

அன்றைக்கு மஸூதா வீட்டுக்குப் போகவில்லை. போனால் மப்ரூக்கா கேட்பாள். பழைய கூடாரம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், தண்டவாளத்து மேட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். சரக்கு ரயில் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. எதிரே இருந்த வீடுகளின் துணிக்கொடிகள் வெள்ளையாயின. சாயங்காலம் வரை இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்க் களைத்தவள் போலக் காலை நீட்டினாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

வாரக்கணக்கில் இப்படி ஓடியது. பொறுக்க முடியாமல் ஸீ புர்ஹானின் கடையிலேயே லஸ்ஹரிடம் சண்டைக்குப் போனாள். அவன் சீட்டாடிக்கொண்டிருந்தான். முகத்தில் சதை போட்டிருந்தது.

"இதுக்காடா கூடாரத்துல கிடந்தோம்?"

"உக்காரு தோழர். நிதானமா யோசி. அவங்க நம்ம மண்ணைத் தோண்டி எடுக்கறாங்க, நம்ம தண்ணியை எடுத்துக்கறாங்க, நம்ம அப்பாங்க நெஞ்சைத் தின்னாங்க. இது அதுக்கு வாடகைன்னு வெச்சுக்க. வாடகை வாங்கறவன் எதுக்குக் குனிஞ்சு மண்ணு வெட்டணும்?"

"வாடகைன்னா ஊருக்கே தரணும். நாற்பது பேருக்கு மட்டும் குடுத்தா அது வாடகை இல்ல, வாய்ப்பூட்டு."

"வாயைப் பூட்டினாத்தான் என்ன? உள்ள சோத்தைப் போட்டுட்டுத்தான பூட்டறான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்து மேசையில் ஜாஸியா இருந்தாள். அவளும் கூடாரத்துக்காரிதான். புருஷன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். "மஸூதா, நான் பதினஞ்சு வருஷமா ஊரார் வீட்டுல தரை துடைச்சேன். இப்பதான் காலை நீட்டி ஒரு டீ குடிக்கறேன். உனக்குக் கை அரிச்சா நீ சொறிஞ்சுக்க. எங்களை இழுக்காதே," என்றாள்.

ஜாஸியா சொன்னது நியாயம். லஸ்ஹர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த ஊருக்குத் தர வேண்டியதை நினைத்தால் அந்தச் சம்பளம் எந்த மூலைக்கு? அதை வாங்கியதில் அவளுக்கு வெட்கமில்லை. ஆனால் தான் கேட்டது இது இல்லை என்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது. வேலை கேட்டவளுக்குத் தண்டச் சம்பளம் கொடுத்து, பார், சும்மா உட்காரத்தான் இவர்களுக்கு ஆசை என்று தலைநகரத்தில் சொல்லிச் சிரிக்கிறார்கள். தொலைக்காட்சியில் ஒருவர் சொல்லவே செய்தார். வாய் நிறைய ஆதிலா என்றுதான் சொன்னார்.

ஜாஸியா சும்மா இருக்கவில்லை. கிணற்றடியில் மப்ரூக்காவிடம் பேச்சுவாக்கில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் மஸூதா உள்ளே நுழைந்ததும் மப்ரூக்கா டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தாள்.

"ரொட்டியை எங்க உக்காந்துடி சாப்பிட்டே?"

மஸூதா குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள்.

"உங்கப்பா இந்த டப்பாவைத் திரும்பக் கொண்டு வந்தா உள்ள சுரங்கத்துத் தூசி இருக்கும். நீ கொண்டு வர்றதுல ஒண்ணும் இல்ல. எனக்கு முன்னாடியே சந்தேகம்." மப்ரூக்கா டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் மோசம். "இத்தனை வருஷமா ஊரெல்லாம் வார்த்தையைத் திருத்திக்கிட்டுத் திரிஞ்சே. அப்பல்லாம் நீ சொன்னதுதான் சரி. நான்தான் கிண்டல் பண்ணேன். ஆனா இப்ப பாரு. இப்பதாண்டி நீ ஆதிலா."

மஸூதாவை அதுவரை போலீஸ் இழுத்திருக்கிறது, லத்தி விழுந்திருக்கிறது. எதுவும் இப்படி வலித்ததில்லை. ஏனென்றால் யம்மா சொன்னது சரி. கையில் காசு இல்லாத காலத்தில் அவள் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. சம்பளம் வர ஆரம்பித்த பிறகுதான், ஈ ஓட்டிக்கொண்டு, அந்த மற்ற சொல்லாக ஆகியிருக்கிறாள்.

மறுநாள் காலை அப்பாவின் கடப்பாரையை எடுத்தாள். வீட்டுக் கொல்லையில் வேலியாக நின்ற சப்பாத்திக்கள்ளியிலிருந்து நல்ல தடித்த இலைகளாகப் பார்த்து வெட்டினாள். இந்தப் பக்கத்தில் அதற்கு ஹிந்தி என்று பெயர். இந்தியாவிலிருந்து வந்ததாக யாரோ ஒரு காலத்தில் நம்பியிருக்கிறார்கள். தண்ணீர் கேட்காது, மண் கேட்காது, இலையை வெட்டி நட்டுவிட்டால் வேர் விட்டுவிடும். மப்ரூக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளே போய்க் கிழிந்த கம்பளித் துணி ஒன்றைக் கொண்டு வந்து மகளின் கையில் சுற்றிவிட்டாள்.

தண்டவாளத்துக்கும் வீடுகளுக்கும் இடையில், கூடாரம் இருந்த இடத்திலிருந்து தொடங்கி, வரிசையாக நட ஆரம்பித்தாள். வேலி எழும்பினால் ரயில் கிளப்பும் தூசி வீட்டுக்குள் வராது. அவ்வளவுதான் திட்டம். துணி சுற்றியும் முள் ஏறியது. ஹிந்தியின் பெரிய முள்ளைப் பிடுங்கிவிடலாம். மயிர் போன்ற பொடி முள் கையில் நுழைந்தால் வாரக்கணக்கில் இருக்கும்.

முதல் வாரம் ஊர் சிரித்தது. பிள்ளைகள் இலை சுமந்தார்கள். அந்த வரிசை வீட்டுப் பெண்கள் டீ கொண்டு வந்து கொடுத்தார்கள். இரண்டாவது வாரம் ஸீ புர்ஹான் மூச்சிரைக்க வந்தார்.

"யாரைக் கேட்டும்மா இதெல்லாம்?"

"நான் தோட்டக் கம்பெனி ஆளு. தோட்டம் போடறேன். யாரைக் கேக்கணும்?"

"என் பொழைப்பைக் கெடுக்காதே. மேலேருந்து கேக்கறாங்க."

"நல்ல வேலைன்னு பாராட்டவா?"

"விளையாடாதே மஸூதா." அவர் மேட்டில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார். நல்ல மனுஷர் என்பதால் உள்ளதைச் சொல்லிவிட்டார். "நீ வேலை செஞ்சா நீ தொழிலாளின்னு ஆயிடும். புரியுதா? அப்புறம் கையுறை கேப்பீங்க. முள்ளு குத்தினா வைத்தியம் கேப்பீங்க. நிரந்தரம் கேப்பீங்க, சங்கம் கேப்பீங்க. இப்ப நீங்கல்லாம் சும்மா இருக்கறதால எல்லாம் சுமுகமாப் போகுது. சம்பளத்தை எப்ப வேணா நிறுத்திக்கலாம்னு ஒரு நிம்மதி அவங்களுக்கு."

மஸூதா கடப்பாரையை ஊன்றி நின்றாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, உடம்பும் சிலிர்த்தது. ரயிலை மறித்தபோது லாரிக்காரன் கொழுத்தான். இப்போது ஒரு கள்ளிச் செடிக்கு மேலிடம் பயப்படுகிறது.

அதை அப்படியே காப்பிக் கடையில் போய்ச் சொன்னாள். சீட்டு கலைந்தது. லஸ்ஹர் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அட மடையா, இத்தனை வருஷம் படிச்சு இது தோணலையே. வேலையை நிறுத்தி மிரட்டறது வேலை இருக்கறவனுக்கு. நமக்கு வேலை செய்யறதுதான் வேலைநிறுத்தம்," என்று எழுந்து நின்று பேச ஆரம்பித்தான். பழைய லஸ்ஹர் திரும்பிவிட்டான். ஜாஸியா அவனைப் பேச விடவில்லை.

"பேச்சை விடு. முள்ளு குத்தினா வைத்தியம்னு அவர் சொன்னாரா? அவர் வாயாலயே?"

"அவர் வாயாலயே," என்றாள் மஸூதா.

"பதினஞ்சு வருஷத் தரையில என் முட்டி தேஞ்சுபோச்சு. ஒருத்தனும் வைத்தியம்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல." ஜாஸியா டீயைக் குடித்து முடித்தாள். "எங்க மாமனார் வேலியில நிறைய ஹிந்தி இருக்கு. காலையில வண்டி அனுப்பறேன்."

மறுநாள் காலை நாற்பது பேரும் முழுசாக வந்துவிடவில்லை. பாதிப் பேர் வந்தார்கள். ஆனால் பழைய முந்நூறிலிருந்து எதிர்பாராமல் நிறையப் பேர் வந்தார்கள். கொண்டு வந்த கருவிகளைப் பார்த்தால் பாதி சுரங்கத்துக் கருவிகள். மஸூதா அலமாரியிலிருந்து பேனரைக் கொண்டு வந்தாள். அதை விரித்துப் பார்த்துவிட்டு, கட்டாமல் இலைகளைச் சுமக்கத் தரையில் விரித்துவிட்டாள். வெயில் ஏறுவதற்குள் வேலி ரயில் நிலையம் வரை போய்விட்டது. அப்போதுதான் போலீஸ் வண்டிகள் வந்தன. தடியோடு இறங்கியவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கோஷம் போடுகிறவர்களைக் கலைக்கத் தெரியும். குனிந்து மண் வெட்டுகிறவர்களை என்ன செய்வது? கடைசியில் முன்னால் நின்ற மஸூதாவையும் லஸ்ஹரையும் ஜாஸியாவையும் பிடித்தார்கள். சாட்சிக்காக ஒரு சாக்குக் கள்ளி இலையையும் எடுத்துக்கொண்டார்கள்.

ஸீ முன்ஸிஃபுக்குத் தலை நரைத்திருந்தது. சாக்கை மேசையிலிருந்து நகர்த்தப் போய் விரலில் முள் ஏற்றிக்கொண்டு, விரலை உதறிக்கொண்டே பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர் எல்லாம் எழுதினார்.

"தொழில். எனக்கு மறக்கலம்மா. முஅத்தலா. சரிதானே?"

"இல்ல."

"பின்ன?" அவர் பேனாவைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கம்பெனியில இருந்து போன் வந்துது. காலையில இருந்து நீங்க மூணு பேரும் அவங்க ஆளுங்க இல்லையாம். ஆனா ஒண்ணு. தப்புதான்னு ஒத்துக்கிட்டா மறுபடி சேத்துக்குவாங்க. முன்ன மாதிரியே முகத்தை மட்டும் காட்டிட்டுப் போனாப் போதும். உங்கம்மாவுக்கு வயசாச்சு. யோசிச்சுச் சொல்லு."

மஸூதா யோசித்தாள். யம்மாவின் சர்க்கரை மாத்திரைகளை யோசித்தாள். போன மாதம் வாங்கிய குளிர்பெட்டியை யோசித்தாள். அதைத் திறந்து திறந்து மூடும் யம்மாவை யோசித்தாள். இந்தச் சம்பளம் போனால் இனி ஒரு வேலை இந்த ஊரில் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். பயமாக இருந்தது. மடியில் கிடந்த கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கப் பொடி முள். நகக் கண்ணில் மண்.

"எழுதுங்க," என்றாள். "ஆமிலா."

ஆமிலா என்றால் தொழிலாளி.

"எந்தக் கம்பெனியில?"

"கம்பெனியைக் கேக்கலையே நீங்க. தொழிலைத்தானே கேட்டீங்க."

ஸீ முன்ஸிஃப் அவள் கையைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்துக்கொண்டார். ஆதிலா, ஆமிலா. அரபியில் எழுதினாலும் நடுவில் ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். முதல் எழுத்துகளைப் போட்டுவிட்டு ஒரு கணம் நிறுத்தினார். பிறகு அவள் சொன்னதையே எழுதி முடித்தார். அடுத்து குற்றம் என்ற இடத்துக்கு வந்தார். செய்த குற்றம் என்ன என்று அங்கே எழுத வேண்டும். வேலை செய்தது என்று எழுதினால் தலைநகரத்தில் என்ன சொல்வார்கள்? பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வெளியே பெஞ்சிலிருந்து ஜாஸியா எட்டிப் பார்த்தாள். "சீக்கிரம் எழுதி முடிங்க, ஸீ முன்ஸிஃப். இன்னும் பாதி வேலி பாக்கி இருக்கு."